கொல்கத்தாவின் பழைய கல்லறைத் தோட்டங்கள்: ஒரு கிறிஸ்தவப் பயணியின் மதிப்புரை

கொல்கத்தாவுக்குச் செல்லும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்துக்கு ஒரு நாள் மட்டுமே கையில் இருந்தால், விக்டோரியா நினைவு மண்டபத்தை அடுத்த பயணத்துக்கு ஒத்திவைத்துவிட்டு, சவுத் பார்க் ஸ்ட்ரீட் கல்லறைத் தோட்டத்துக்கு முதலில் செல்லுங்கள் என்றே நான் சொல்வேன். ஆனால் இந்தப் பரிந்துரைக்கு ஒரு நிபந்தனை உண்டு. அந்த ஓர் இடத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், நகரின் மையத்திலுள்ள செயின்ட் ஜான்ஸ் ஆலய வளாகத்தையும், ஹூக்ளி ஆற்றங்கரையில் வடக்கே இருக்கும் செராம்பூர் மிஷன் கல்லறையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மரணம் எவ்வளவு பேரை, எவ்வளவு இளம் வயதில் கொண்டுபோனது என்பதை முதல் இடம் காட்டுவதுபோல இந்தியாவில் நான் பார்த்த வேறெந்த இடமும் காட்டவில்லை. அந்த மரணத்துக்கு எதிரே ஒரு கிறிஸ்தவன் என்ன சொல்ல முடியும் என்பதைக் கேட்க மற்ற இரண்டு இடங்களுக்கும் போக வேண்டியிருக்கிறது.

முதலில் பிரதான இடத்தைப் பற்றிச் சொல்கிறேன். இன்று அன்னை தெரசா சரணி என்று அரசு பெயரிட்டிருக்கும் பார்க் ஸ்ட்ரீட், ஆச்சார்ய ஜகதீஷ் சந்திர போஸ் சாலையைத் தொடும் இடத்துக்கு அருகில், உயர்ந்த மதிலுக்குள் இந்தத் தோட்டம் இருக்கிறது. செயின்ட் ஜான்ஸ் வளாகத்திலிருந்த பழைய அடக்க நிலம் நிரம்பிவிட்டதால், ஊருக்கு வெளியே சதுப்பும் புதருமாகக் கிடந்த இந்த நிலத்தை 1767-ல் கிழக்கிந்தியக் கம்பெனியார் திறந்தார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டு 25 அன்று முதன்முதலாக இங்கே அடக்கம் செய்யப்பட்டவர் ஜான் வுட் என்ற கம்பெனி எழுத்தர். சாலைக்கும் அப்போது அடக்க நிலச் சாலை என்றே பெயர். அடுத்த கால் நூற்றாண்டுக்குள் நிலம் ஏறத்தாழ நிரம்பிவிட்டது; 1830களின் தொடக்கம் வரை ஆங்காங்கே சில அடக்கங்கள் நடந்தன. இப்போது சுமார் 1,600 கல்லறைகள் இருப்பதாகக் கணக்குச் சொல்கிறார்கள்.

உள்ளே நுழைந்தவுடன் கண்ணில் படுவது நம் ஊர்க் கல்லறைத் தோட்டங்களில் நாம் பழகிய காட்சியே அன்று. வரிசையான சிலுவைகளோ, தாழ்வான சமாதிகளோ, மாலை போட்ட படங்களோ அங்கே இல்லை. எகிப்தியப் பிரமிடுகள், வானை நோக்கிக் கூர்ந்து எழும் சதுரத் தூண்கள், கிரேக்கக் கோயில்களைப் போன்ற தூண் மண்டபங்கள், குவிமாடங்கள் ஆகியவை நெருங்கி நிற்க, இடையிலுள்ள பாதைகளில் மரநிழல் விழுகிறது. பெரும்பாலானவை செங்கல்லால் கட்டிச் சுண்ணாம்புச் சாந்து பூசியவை. வங்காளத்தின் மழை அவற்றின் மேல் கரும்பாசியைப் படரவிட்டிருக்கிறது. நடைபாதைகள் செம்மையாக இருக்கின்றன. காலையில் போனால் வெளியே ஓடும் வாகனங்களின் இரைச்சல்கூட மதிலைத் தாண்டி அதிகம் வருவதில்லை. நின்று வாசிக்கவும், உட்கார்ந்து ஜெபிக்கவும் யாரும் தடை சொல்லவில்லை. பெருநகரின் நடுவே இவ்வளவு பெரிய அமைதி கிடைப்பதே இந்த இடத்தின் முதல் சிறப்பு.

அந்த அமைதியில் நிதானமாகக் கல்வெட்டுகளை வாசிக்கத் தொடங்கினால் மனம் கனக்கிறது. பதினெட்டு, இருபது, இருபத்திரண்டு என்று வயதுகள் அடுத்தடுத்து வருகின்றன. பிரசவத்தில் இறந்த இளம் தாயின் பெயருக்குக் கீழே சில நாட்களே வாழ்ந்த குழந்தையின் பெயர் இருக்கிறது. இரண்டு மழைக்காலமே ஒரு மனிதனின் ஆயுள் என்று கம்பெனிக் காலத்து ஆங்கிலேயரிடையே ஒரு வழக்கு இருந்தது. அது மிகைப்படுத்திய பேச்சு அன்று என்பதை இங்கே கால் மணி நேரம் நடந்தாலே உணரலாம். காலரா, மலேரியா, வயிற்றுக்கடுப்பு ஆகிய எவற்றுக்கும் காரணம் தெரியாத காலம் அது. நீரிலுள்ள கிருமியையும் கொசுவையும் அறியாத மருத்துவர்கள் கெட்ட காற்றைக் குற்றம் சொல்லி, நோயாளியின் இரத்தத்தை வெளியேற்றிக்கொண்டிருந்தார்கள்.

இங்கே மிக அதிகமாகப் படமெடுக்கப்படும் கல்லறை ரோஸ் எய்ல்மர் என்ற பெண்ணுடையது. 1800 மார்ச் 2 அன்று, இருபது வயதில் இறந்தாள். சுருள் சுருளாக முறுக்கி எழும் அவளது தூணுக்கு அருகே எப்போதும் யாராவது நிற்கிறார்கள்; அவளை வேல்ஸில் அறிந்திருந்த ஆங்கிலக் கவிஞர் வால்டர் சாவேஜ் லாண்டர் அவள் நினைவாக எழுதிய சிறு கவிதையே அந்தப் புகழுக்குக் காரணம். இதே தோட்டத்தில் இன்னொரு சிறு கல்லும் இருக்கிறது. நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் தம் நண்பரான அந்த லாண்டரின் பெயரையே தம் மகனுக்கு வைத்தார். படைவீரனாக இந்தியாவுக்கு வந்த அந்த வால்டர் லாண்டர் டிக்கன்ஸ் 1863-ம் ஆண்டின் கடைசி நாளில் கொல்கத்தாவில் இறந்தான்; வயது இருபத்திரண்டு. அவனை அடக்கம் செய்தது வேறொரு கல்லறையில் என்றாலும், அவனுடைய நினைவுக்கல்லைப் பின்னாளில் இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். ஒருத்தியை இழந்து கவிதை எழுதிய மனிதரின் பெயரைச் சுமந்த பிள்ளையும் அவளிருக்கும் ஊருக்கே வந்து இறந்துபோனான் என்பதை வாசித்தபோது, லாசருவின் கல்லறை முன்னே இயேசு கண்ணீர் விட்டார் என்ற மிகச் சிறிய வசனத்தைத் தவிர எனக்கு வேறெதுவும் நினைவுக்கு வரவில்லை. இன்னும் சில நிமிடங்களில் லாசருவை எழுப்பப் போகிறோம் என்று அறிந்திருந்தவரே அழுதார் என்றால், நம்பிக்கையுள்ளவன் அழக்கூடாது என்று துக்க வீடுகளில் நம்மவர்கள் சொல்லும் அறிவுரைக்கு வேதத்தில் இடமில்லை.

இனி, கட்டணம் செலுத்திச் சேர்ந்த வழிகாட்டி நடையைப் பற்றி. எங்களை அழைத்துச் சென்ற இளைஞர் வரலாறு நன்கு படித்தவர். எந்தக் கல்லறை யாருடையது, எந்தக் கட்டடப் பாணி எங்கிருந்து வந்தது என்பதையெல்லாம் தாளைப் பார்க்காமல் சொன்னார். அதற்காக அவரைப் பாராட்டுகிறேன். ஆனால் ஏற்பாட்டாளர்கள் வகுத்துக் கொடுத்த நடையின் பெரும்பகுதி பேய்க் கதைகளிலும் படமெடுக்கும் இடங்களிலும் கழிந்தது. ஒரு கல்லின் அடியிலிருந்த வேத வசனத்தை வாசித்துச் சொல்லும்படி எங்கள் குழுவிலிருந்த வயதான அம்மா ஒருவர் கேட்டபோது, நேரமில்லை என்று அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிட்டார்கள். இறந்தவர்களை ஏதோ ஒரு விசுவாசத்தோடு மண்ணில் வைத்துவிட்டுப் போனவர்களின் சொற்கள் அங்கே கண்முன் இருக்க, அவற்றைத் தாண்டிச் சென்று கற்பனைப் பேய்களைத் தேடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது. ஆகவே வழிகாட்டி நடையை நான் பரிந்துரைக்க மாட்டேன். தனியாகச் சென்று, ஒரு வரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு கல்லாக வாசிப்பதே மேல்.

அப்படி வாசிக்கும்போது ஒன்றை நீங்களே கவனிப்பீர்கள். இத்தனை கிறிஸ்தவர்கள் அடக்கமாகியிருக்கும் இடத்தில் சிலுவை மிக அரிது. சிலுவைச் சின்னத்தைக் கத்தோலிக்க வழக்கம் என்று கருதி அக்காலத்து ஆங்கிலப் புராட்டஸ்டண்டுகள் தவிர்த்தார்கள் என்பது ஒரு காரணம்; பண்டைய ரோமையும் கிரேக்கத்தையும் போற்றிய காலச்சுவை மற்றொரு காரணம். அஸ்திக் கலசங்களும், தலைகீழாகப் பிடித்த தீப்பந்தங்களும், முக்காடிட்டு அழும் பெண்ணுருவங்களும் சிலுவை இருக்க வேண்டிய இடத்தை எடுத்துக்கொண்டன. சொற்களும் அவ்வாறே. இறந்தவரின் நேர்மை, கணவரின் தாளாத துயரம், நண்பர்களின் மதிப்பு ஆகியவை நீண்ட வாக்கியங்களில் செதுக்கப்பட்டிருக்கின்றன. உயிர்த்தெழுதலைப் பற்றிய ஒரு வரியை நான் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அவர்களிடம் விசுவாசம் இல்லை என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. அடக்க ஆராதனையில் அவர்களுக்கும் அதே 1 கொரிந்தியர் 15-ம் அதிகாரம்தான் வாசிக்கப்பட்டிருக்கும். ஆனால் கல்லில் நிலைக்க வேண்டும் என்று அவர்கள் தேர்ந்தெடுத்தது அதை அன்று.

இந்தத் தோட்டத்தின் மிக உயரமான தூண் சர் வில்லியம் ஜோன்ஸுடையது. கொல்கத்தா உச்ச நீதிமன்றத்தின் நீதிபதி. 1784-ல் ஆசியச் சங்கத்தை நிறுவியவர். சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரே மூலத்திலிருந்து பிறந்திருக்க வேண்டும் என்று 1786-ல் உரைத்தவர். 1794 ஏப்ரல் 27 அன்று, நாற்பத்தேழு வயதில் இறந்தார். கடவுளுக்கு அஞ்சியவன், மரணத்துக்கு அஞ்சாதவன் என்ற கருத்தோடு தொடங்கும் கல்லறை வாசகத்தை அவர் தமக்காகத் தாமே எழுதிவைத்திருந்தார். கம்பீரமான சொற்கள், அவர் வாழ்வும் அவற்றைப் பொய்யாக்கவில்லை. ஆயினும் கெத்செமனேயில் நம் ஆண்டவர் வியாகுலப்பட்டுத் துக்கமடைந்தார் என்று சுவிசேஷங்கள் மறைக்காமல் சொல்கின்றன. மரணத்தைக் கண்டு அஞ்சாமலிருப்பது ஒரு மனிதரின் மனத்திண்மை; அது எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. நடுங்கிக்கொண்டே கண்மூடும் ஏழை விதவைக்கும் கிடைக்கும் நம்பிக்கை எதுவோ அதைத்தான் சுவிசேஷம் என்று நான் கற்றிருக்கிறேன். அந்தத் தூணின் நிழலில் நின்றபோது மதிப்பு மிகுந்தது, ஆறுதல் கிடைக்கவில்லை.

இந்துக் கோயிலின் வடிவில் கல்லறை கட்டப்பட்ட தளபதி சார்லஸ் ஸ்டூவர்ட்டும், நாத்திகம் போதித்தார் என்ற குற்றச்சாட்டால் இந்துக் கல்லூரியில் வேலையிழந்து அதே 1831-ல் இருபத்திரண்டு வயதில் காலராவுக்குப் பலியான கவிஞர் டெரோசியோவும் இதே மண்ணில்தான் இருக்கிறார்கள். யாருடைய முடிவு என்ன என்பதைத் தீர்ப்பவர் நானல்லர் என்பதால் அவர்கள் முன்னும் தலைகுனிந்து நின்றேன்.

பளிங்குப் பலகைகள் பலவற்றில் எழுத்து மங்கிவிட்டது. சில கட்டுமானங்களில் பலகையே இல்லை. இருபதடி உயரப் பிரமிடு எழுப்பி மறதியை வெல்ல நினைத்தவரின் பெயர் இப்போது பிரமிடில் இல்லை. சாலையின் எதிர்ப்புறத்தில் நார்த் பார்க் ஸ்ட்ரீட் கல்லறை என்று இன்னொன்று இருந்தது. நாவலாசிரியர் தாக்கரேயின் தந்தை ரிச்மண்ட் தாக்கரே 1815-ல் அங்கேதான் அடக்கமானார். 1950களில் அதை அகற்றிவிட்டார்கள். இப்போது அந்த நிலத்தில் பள்ளியும் மருத்துவமனையும் இயங்குகின்றன. பிள்ளைகள் படிப்பதும் நோயாளிகள் குணமாவதும் நல்ல காரியங்களே. அங்கே உறங்கியவர்களுக்கு அதனால் ஒரு குறையும் வந்துவிடவில்லை என்று நான் நம்புகிறேன். "இதோ, என் உள்ளங்கைகளில் உன்னை வரைந்திருக்கிறேன்" என்று ஏசாயா 49-ல் கர்த்தர் சொல்லும்போது, எந்த மழையும் அழிக்காத ஒரு கல்வெட்டைத்தான் சொல்கிறார். இந்த மண்டபங்களுக்குச் செங்கல் சுமந்த வங்காளக் கூலியாட்களுக்கும், துரைமாரின் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்த ஆயாக்களுக்கும் எந்தத் தோட்டத்திலும் கல் இல்லை என்பதை எண்ணும்போது அந்த வசனத்தின் அகலம் இன்னும் விரிகிறது.

நான் இதையெல்லாம் இவ்வளவு உன்னிப்பாகப் பார்த்ததற்குக் காரணம் உண்டு. என் தாயாரை அடக்கம் செய்து ஓராண்டு நெருங்கியும் அவர் கல்லறையில் என்ன எழுதுவது என்று எங்கள் வீட்டில் முடிவாகவில்லை. அவர் பள்ளியில் உழைத்த ஆண்டுகள், மாதர் சங்கப் பொறுப்புகள், குணநலன்கள் எல்லாம் கருங்கல்லில் வர வேண்டும் என்றும், லேசரில் செதுக்கிய படமும் வேண்டும் என்றும் அண்ணன் விரும்பினார். அவ்வளவும் வேண்டாம் என்று மனதில் பட்டாலும் ஏன் வேண்டாம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பயணத்தில் கூட வந்திருந்த சித்தி, சவுத் பார்க் ஸ்ட்ரீட்டிலிருந்து வெளியே வந்ததும், "அக்கா எப்படிப்பட்டவள் என்று நமக்குத் தெரியும், போகிறவர்கள் வருகிறவர்களுக்கு அது எதற்கு?" என்று மட்டும் சொன்னார்.

அதற்கான பதிலின் முதல் பாதி செயின்ட் ஜான்ஸ் ஆலய வளாகத்தில் கிடைத்தது. 1787-ல் பிரதிஷ்டை செய்யப்பட்ட அந்த ஆலயத்தின் பின்புறம், எட்டுப் பட்டை கொண்ட ஒரு மண்டபத்துக்குள் ஜாப் சார்னாக்கின் கல்லறை இருக்கிறது. ஹூக்ளிக் கரையில் 1690-ல் கம்பெனியின் குடியிருப்பை அமைத்த இந்த மனிதருக்கு மண்டபம் எழுப்பியவர் அவர் மருமகன் சார்லஸ் அயர். உள்ளே இருக்கும் கரிய கல்லைத் தமிழர்கள் தொட்டுப் பார்க்க வேண்டும். அது சென்னைக்கு அருகே பல்லாவரம் மலைகளிலிருந்து கப்பலேறிப் போன கல். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலந்து அந்தக் கல்லை ஆராய்ந்து 1893-ல் சார்னாக்கைட் என்று பெயரிட்டார். பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் நாம் தினமும் கடந்து போகும் பாறையின் அறிவியல் பெயர் இவ்வாறு ஒரு கல்லறையிலிருந்து வந்தது.

கல்லைவிடச் சொற்கள் பெரியவை. லத்தீனில் உள்ள அந்த வாசகம், சார்னாக் தம் சாவுக்குரிய உடலை இந்தக் கல்லின் கீழ் வைத்தது எதற்காக என்று சொல்கிறது: நியாயாதிபதியாகிய கிறிஸ்துவின் வருகை வரை, பாக்கியமான உயிர்த்தெழுதலின் நம்பிக்கையில் அது உறங்கும்படியாக. தமக்குச் சொந்தமல்லாத மண்ணில் நெடுங்காலம் பரதேசியாகத் திரிந்தபின் தம் நித்திய வீட்டுக்குத் திரும்பினார் என்று அது முடிகிறது. நாள் 1692 ஜனவரி 10. அக்காலத்து ஆங்கிலேயர் மார்ச் 25-ல் ஆண்டைத் தொடங்கியதால் இன்றைய கணக்கில் அது 1693. அதே கல்லில் அவருடைய மூத்த மகள் மேரியின் பெயரும் இருக்கிறது. அவளும் அவள் தங்கையரும் 1689-ல் ஞானஸ்நானம் பெற்றது நம் சென்னைக் கோட்டையிலுள்ள புனித மரியாள் ஆலயத்தில்தான். சார்னாக் இந்தியப் பெண்ணை மணந்தவர். மனைவியால் கிறிஸ்தவரல்லாதவராகவே மாறிவிட்டார் என்று பழைய பயணக் குறிப்பொன்று அவரைப் பழிக்கிறது. அப்படிப் பழிக்கப்பட்டவரின் கல்லில்தான், பிந்தைய நூற்றாண்டின் கண்ணியமான தூண்களில் நான் தேடிச் சலித்த சொற்கள் ஐயமின்றி நின்றன.

அந்த மண்டபத்தில் ஆதியாகமம் 23-ம் அதிகாரத்தை வாசித்தோம். தேசம் முழுவதையும் வாக்குத்தத்தமாகப் பெற்றிருந்த ஆபிரகாம், "நான் உங்களிடத்தில் அந்நியனும் பரதேசியுமாய் இருக்கிறேன்" என்று ஏத்தின் புத்திரரிடம் சொல்லி, நானூறு சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து, சாராளை அடக்கம் செய்ய ஒரு குகையை வாங்குகிறார். வாக்குத்தத்த நாட்டில் அவர் விலைகொடுத்து வாங்கியதாக வேதம் விரிவாகச் சொல்லும் நிலம் அந்தக் கல்லறைதான். வங்காளத்தையே வாங்கவும் பறிக்கவும் வந்த ஒரு நிறுவனத்தின் அதிகாரி, தம்மைப் பரதேசி என்று கல்லில் அறிக்கையிட்டுப் படுத்திருப்பதை அந்த அதிகாரத்தோடு சேர்த்து வாசிக்கும்போது, அவர் செய்த வணிகத்தின் நியாய அநியாயங்களை மறக்காமலேயே, அந்த ஒரு வரிக்காக நன்றி சொல்ல முடிந்தது. வளாகத்தில் அறுவை மருத்துவர் வில்லியம் ஹாமில்டன், பேகம் ஜான்சன் போன்றவர்களின் கல்லறைகளும் உள்ளன. வரலாற்று ஆர்வலர்களுக்கு அவை போதிய தீனி. எங்களுக்குச் சார்னாக் போதும்.

பதிலின் மறுபாதி செராம்பூரில். டென்மார்க்கின் குடியேற்றமாக இருந்த இந்த ஊரும் நம் தரங்கம்பாடியும் 1845-ல் ஒன்றாகவே ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டவை. 1818-ல் தொடங்கிய செராம்பூர் கல்லூரிக்கு 1827-ல் டென்மார்க் மன்னர் அளித்த சாசனத்தின் அடிப்படையில்தான் மதுரை அரசரடியிலும் சென்னை குருகுலத்திலும் படிக்கும் நம் ஆயர்கள் இன்றும் இறையியல் பட்டம் பெறுகிறார்கள். ஆகவே தமிழ்ச் சபையினருக்கு இந்த ஊர் அந்நியமன்று.

அங்கே மிஷன் கல்லறையில் மிஷனரிகளான வில்லியம் கேரி, ஜோசுவா மார்ஷ்மன், வில்லியம் வார்ட் மூவரும் தத்தம் குடும்பத்தாரோடு இருக்கிறார்கள். செருப்புத் தைக்கும் தொழிலிலிருந்து வந்த கேரி, வேதாகமத்தை முழுதாகவோ பகுதியாகவோ பல இந்திய மொழிகளில் வெளிவரச் செய்தவர். உடன்கட்டை ஏறுதலுக்கு எதிராக நெடுங்காலம் போராடியவர். அவர் கல்லறை வாசகத்தில் இவற்றுள் ஒன்றுகூட இல்லை. பிறந்த நாளும், இறந்த நாளான 1834 ஜூன் 9-ம், ஐசக் வாட்ஸின் பாடலிலிருந்து இரண்டு வரிகளும் மட்டுமே உண்டு: பரிதாபமும் ஏழ்மையும் திக்கின்மையும் உடைய புழுவாகிய நான் உமது தயவுள்ள கரங்களில் விழுகிறேன் என்பது அவற்றின் பொருள். தம்மை இரண்டாம் மனைவி சார்லட்டின் அருகே அடக்கம் செய்ய வேண்டும் என்றும், இவ்வளவே எழுத வேண்டும் என்றும் அவர் உயிலில் பணித்திருந்தார்.

இது பணிவைக் காட்டும் அலங்கார வாக்கியம் என்று தூரத்திலிருந்து தோன்றலாம். 1794-ல் ஐந்து வயது மகன் பீட்டரைப் புதைத்தவர். அந்தத் துயரத்திலிருந்து மீளாமல் மனநலம் குன்றிய முதல் மனைவி டாரதியை 1807 வரை வீட்டில் வைத்துக் காத்தவர். 1812-ல் அச்சகம் எரிந்து ஆண்டுக்கணக்கான கையெழுத்துப் படிகள் சாம்பலானதைக் கண்டவர். சார்லட்டையும் வார்டையும் தமக்கு முன்னே அனுப்பியவர். தம் கைகளால் பிடித்துக்கொள்ள எதுவும் நிலைக்காது என்று அறிந்த ஒருவரே வேறொருவரின் கரங்களில் விழுவதைப் பற்றி இப்படி எழுத முடியும். சவுத் பார்க் ஸ்ட்ரீட்டின் தூண்கள் இறந்தவரின் தகுதியை நம்மிடம் எடுத்துரைக்கின்றன. கேரியின் கல் தகுதி என்ற பேச்சையே விட்டுவிட்டு, பிடித்துக்கொள்பவரை மட்டும் காட்டுகிறது. என் தாயாரின் கல்லில் குணங்களின் பட்டியல் ஏன் வேண்டாம் என்பதை அண்ணனிடம் சொல்ல எனக்கு அங்கேதான் வார்த்தை கிடைத்தது. அவர் பெயர், இரண்டு தேதிகள், "நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்" என்ற ஆண்டவரின் வாக்கு ஆகியவை போதும் என்று அன்று மாலை தொலைபேசியில் பேசி முடிவெடுத்தோம். வசனத்தைத் தேர்ந்தெடுத்தவர் சித்தி.

செல்ல விரும்புவோருக்குச் சில குறிப்புகள். சவுத் பார்க் ஸ்ட்ரீட்டிலும் செயின்ட் ஜான்ஸிலும் சிறு நுழைவுக் கட்டணம் உண்டு. முதலாவதற்குக் காலையில் செல்வதே நல்லது. மழைக்காலத்தில் பாசி வழுக்கும், கொசுத் தொல்லையும் அதிகம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். முதியவர்களை அழைத்துச் சென்றால் முக்கியப் பாதையோடு நிறுத்திக்கொள்ளலாம், ஜோன்ஸின் தூணையும் எய்ல்மரின் தூணையும் அவர்கள் சிரமமின்றிப் பார்த்துவிட முடியும். அங்கிருந்து செயின்ட் ஜான்ஸ் வாடகைக் காரில் சிறிது தூரமே. செராம்பூருக்கு ஹவுராவிலிருந்து பண்டேல் செல்லும் புறநகர் ரயிலில் ஏறினால் ஏறத்தாழ அரை மணி நேரம். நிலையத்திலிருந்து பேட்டரி ரிக்‌ஷா கிடைக்கிறது. ஆற்றங்கரையிலுள்ள கல்லூரிக்கு முதலில் போய், கேரி நூலகத்தைப் பார்த்துவிட்டு, மிஷன் கல்லறைக்கு வழி கேட்டுக்கொள்வது வசதி. வாலிபர் ஐக்கியத்தையோ ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களையோ குழுவாக அழைத்துச் செல்லும் ஆயர்கள், முதல் இடத்தில் 90-ம் சங்கீதத்தையும், சார்னாக் மண்டபத்தில் ஆதியாகமம் 23-ஐயும், கேரியின் கல்லறையில் யோவான் 11-ஐயும் யாரையாவது உரக்க வாசிக்கச் சொல்லலாம். மூன்று வாசிப்புகளுக்கும் தமிழ் வேதாகமம் ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.